நாற்பது கணினியும் ஒரு குரலும்

கல்லூரிக் கணினி அறையில் அவளை எல்லாரும் 'லேப் தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு முன்பு அங்கே வேலை பார்த்த 'லேப் அண்ணன்' அவளுடைய சொந்த அண்ணன். அவன் செத்து மூன்றாம் மாதம் அதே நாற்காலி அவளுக்கு வந்தது. அண்ணன் எப்போது சாவான் என்று காத்திருந்தாள் போல, என்று முதுகுக்குப் பின்னால் பேசிய நாக்கெல்லாம் அழுகட்டும். அவன் குரலை இன்னொரு தடவை கேட்க வீட்டில் ஒரு பதிவுகூட இல்லாமல் அவள் தவித்தது அவர்களுக்கு எங்கே தெரியும்?

மறுநாள் காதால் கேட்டு எழுதும் தேர்வு. ஒரே மாதிரி நாற்பது கணினிகள். தேர்வுக்கென்றே அண்ணன் கடைசியாக உருவாக்கிய இயங்குதளம் முதல் கணினியில் இருந்தது. அதை மற்ற முப்பத்தொன்பதிலும் நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும் முன், சோதனைக்காகப் போட்டுவைத்ததையெல்லாம் துடைப்பது வழக்கம். அண்ணன் கைபட்டதைத் துடைக்க அவளுக்கு மனசு வரவில்லை; அப்படியே நகலெடுத்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் இயக்கினாள். கடைசி வரிசையில் ஓர் இருமல். பிறகு, "கேக்குதா? கேட்டா ஒரு பட்டனைத் தட்டு."

அண்ணன் குரல். ஒலிபெருக்கியைச் சோதிக்க அவனே பேசிவைத்தது. பக்கத்துக் கணினியும் இருமியது. அதற்கடுத்ததும். வரிசை வரிசையாக அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

கல்லூரி முதல்வர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னம்மா இது? செத்தவர் நாளைக்குப் பேசினா பிள்ளைங்க உக்காந்து எழுதுவாங்களா? எல்லாத்தையும் நிறுத்துங்க."

கடைசி வரிசைக் கணினியில் ஒரு பட்டனைத் தட்டினாள். "சரி, நான் கெளம்பறேன்," என்றது குரல். அணைத்து மறுபடி இயக்கினாலும் பேசவில்லை. பதில் கிடைத்ததும் தானே அழிந்துபோகும்படி எழுதியிருந்தான் மகராசன். வேலையில் அவ்வளவு சுத்தம். வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டான்.

முப்பத்தொன்பது தடவை அவன் கிளம்பினான். அவள் அழவில்லை, முதல் கணினி மிச்சம் இருக்கிறதே. அதன் மேல் 'பழுது' என்று எழுதி ஒட்டினாள். அணைக்கும் முன் கொஞ்ச நேரம் கேட்கலாம் என்று எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"கேக்குதா?"

இருமல். "கேக்குதா?"

மூன்றாவது முறை வாய் தன்னால் திறந்துகொண்டது.

"கேக்குதுண்ணா."

கைகள் மடியில்தான் இருந்தன. எந்தப் பட்டனையும் யாரும் தொடவில்லை.

"சரி, நான் கெளம்பறேன்."