இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

போன புதன்கிழமை என் கார் வீட்டு வாசலில் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது. காலை எட்டேகாலிலிருந்து. நான் அதை எத்தனை முறை சுற்றி வந்தேன் என்று கேட்காதீர்கள்... நாற்பத்தொரு முறை.

விஷயம் டைமிங் பெல்ட். பல் வைத்த ரப்பர் பெல்ட் அது. கீழே பிஸ்டன்களையும் மேலே வால்வுகளையும் ஒரே கணக்கில் ஓட வைக்கிறது. அறுந்தாலோ, மாட்டும்போது பல் தவறினாலோ இரண்டும் மோதிக்கொள்ளும். அப்புறம் இன்ஜினை எடைக்குத்தான் போட வேண்டும். மாற்ற வேண்டிய கெடுவைத் தாண்டி ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு பெல்ட்டுக்கா இவ்வளவு? காரணம் இருக்கிறது. என் மனைவிக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் – செவ்வாய், வெள்ளி. எங்கள் ஊர் பாகூரிலிருந்து ஆஸ்பத்திரி இருபத்திரண்டு கிலோமீட்டர். போகும்போது பஸ்ஸில்கூடப் போய்விடுவாள். நாலு மணி நேரம் மெஷினோடு கிடந்துவிட்டுத் திரும்பும்போது? கம்பியைப் பிடித்து நிற்கிற உடம்பா அது? வாடகைக் கார் ஒருமுறை வராமல் போய், ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். அதற்குப் பிறகு என் காரைத் தவிர எதையும் நான் நம்புவதில்லை.

டவுன் ஒர்க்‌ஷாப்பில் நாலு நாள் கேட்டார்கள். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே இருப்பது இரண்டே நாள். அதனால்தான் பக்கத்துக் கடற்கரை ஊரான பனித்திட்டிலிருந்து தேசிங்குவை வீட்டுக்கே வரச் சொன்னேன். படகு இன்ஜின் பார்க்கிறவர். கார் வேலையும் தெரியும்.

வந்தார். மூடியைக் கழற்றினார். என் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எழுதுறவரு ஆச்சே சார்... தப்பா எழுதுனா வெள்ளை வச்சி அழிப்பீங்களே, அது கீதா?"

வொயிட்னர் கொடுத்தேன். பெல்ட் ஓடுகிற மேல் சக்கரத்தின் ஒரு பல்லில் ஒரு புள்ளி வைத்தார். எதிரே இன்ஜின் உடம்பில் ஒரு கோடு.

"பெல்ட்ட எடுத்தா மேல்சக்கரம் லேசா உதறிக்கும் சார். திரும்பப் போடறப்ப புள்ளியும் கோடும் நேரா நிக்கணும். அவ்ளோதான்."

அவர் சொன்னபடியே, பெல்ட்டை எடுத்ததும் சக்கரம் துள்ளி நகர்ந்தது. "டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று தெருமுனைக்குப் போனார்.

குனிந்து பார்த்தேன். அவர் கை பட்டு, புள்ளி கறுத்திருந்தது. முழுக்க அழிந்துவிட்டால்? இன்னும் கொஞ்சம் வெள்ளை வைத்தால் நல்லதுதானே? வைத்தேன். பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். புள்ளிகள் இரண்டு! என்னுடையது பக்கத்துப் பல்லில் விழுந்திருக்கிறது. பதறிப்போய் வேட்டி முனையால் துடைத்தேன். பதற்றத்தில் இரண்டையுமே துடைத்திருக்கிறேன். இரண்டும் பாதிப் பாதி அழிந்து, இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. எது அவருடையது, எது என்னுடையது?

தேசிங்கு திரும்பி வந்தார். சக்கரத்தைத் திருப்பினார். கண்ணில் பட்ட ஒரு புள்ளியைக் கோட்டுக்கு நேரே நிறுத்தினார். புது பெல்ட்டைக் கையில் எடுத்தார்.

சொல்லாமலிருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெள்ளிக்கிழமையை வைத்து நாணயம் சுண்ட முடியுமா?

"தேசிங்கு, ஒரு நிமிஷம். அங்க ரெண்டு புள்ளி இருக்கு. ஒண்ணு நான் வச்சது."

"இன்னா சார் சொல்றீங்க?"

"அழிஞ்சிடுமோன்னு பயம்..."

"உங்களுது எது?"

"தெரியல."

அவர் பெல்ட்டைக் கீழே வைத்தார். வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மனைவி பேசினாள்.

"கேஸ மூடிட்டமான்னு பாக்கப் போயி தொறந்து வுட்டுட்டு வர்ற மனுசன்பா அவுரு. அவுராண்ட வண்டிய வுட்டுட்டு நீ டீக்குப் போலாமா?"

"உங்கள போட்ல ஏத்திக்கினு போனா கரை வந்து சேர மாட்டோம் சார்" என்றார் தேசிங்கு. சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பாதி உயிர் வந்தது. "கம்பெனிக்காரன் வச்ச குறி ஒண்ணு இருக்கணும். எண்ணெய்ப் பிசுக்கு மூடிகீது. பழைய பிரஷ் எதுனா குடுங்கக்கா."

அவள் உள்ளே போய் ஒரு பல் தேய்க்கும் பிரஷ் கொண்டுவந்தாள். எங்கேயோ பார்த்த பிரஷ்.

"பழசுதானே?" என்றேன்.

"இப்பலேர்ந்து பழசு."

டீசல் தொட்டுத் தேய்த்தார். கறுப்பு கரைந்து வழிந்தது. நகத்தால் கீறினாற்போல ஒரு சின்ன வெட்டு. இடப்பக்கப் புள்ளிக்கு நேர் கீழே. அவர் கோட்டுக்கு நேரே நிறுத்தியிருந்தது வலப்பக்கப் புள்ளியை! அது என்னுடையது.

ஒரு பல்தான் வித்தியாசம்.

சரியான குறிக்குச் சக்கரத்தைத் திருப்பி, பெல்ட்டை மாட்டி இறுக்கினார். ஸ்பானர் போட்டு இன்ஜினைக் கையாலேயே சுற்றினார். உள்ளே இடித்தால் கையிலேயே தெரிந்துவிடுமாம். ஒன்று... இரண்டு. இடிக்கவில்லை. குறி மறுபடி கோட்டுக்கு நேரே வந்து நின்றது.

"சாவியப் போடுங்க சார்."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். வழக்கமான அதே கரகரப்பு. ஆறு வருஷமாக நான் குறை சொல்லிக்கொண்டிருந்த சத்தம். அன்றைக்கு அது காதில் தேனாக விழுந்தது.

பயந்த சுபாவக்காரர்களிடம் ஒரு கோளாறு உண்டு. அடுத்தவர் வைத்த குறி நமக்குப் போதாது. அதன்மேல் நம்முடையதையும் வைப்போம். அப்புறம் எது சரி என்று நமக்கே தெரியாது. இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் என் ஜாதி எத்தனை பேரோ... எண்ணிப் பார்க்க ஆசைதான்.

வெள்ளிக்கிழமை போய் வந்தோம். திரும்பும்போது கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். வீடு வரைக்கும் விழிக்கவில்லை.

வொயிட்னர் புட்டியைத்தான் காணோம். போனில் கேட்டேன். "நான்தான் எடுத்துக்கினேன் சார்" என்றார் தேசிங்கு. "வண்டி நல்லா ஓடணும்ல?"