சாப்பாட்டுக்கு முன்னால் ரமணி

“நான் எழுதறத எவனுமே கடைசி வரைக்கும் படிக்கறது இல்ல.”

கிள்ளான் காப்பார் சாலைப் பக்கம் ஒரு டெரஸ் வீட்டில், பல வருடங்களாக அலாரம் மாதிரி தினமும் ஒலித்த வசனம் இது. தோசைக் கல்லில் எண்ணெய் தடவும்போது ரமணி ஒரு தடவை சொல்வாள். துணி காயப்போடும்போது இன்னொரு தடவை. கேட்க இருந்தது புருஷன் சிவநேசன் ஒருவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எஞ்சின் சத்தம் பழகிய காதுக்கு மனைவியின் சத்தமும் அதோடு சேர்ந்துபோயிருந்தது.

“நான் படிச்சேன் லா,” என்பார்.

“அப்ப சொல்லுங்க. கடைசில அந்தப் பொண்ணு என்ன ஆனா?”

சிவநேசன் தோசையைப் பிய்த்தபடி யோசிப்பார். “கல்யாணம் ஆயிருச்சு.”

அந்தப் பெண் இரண்டாவது பக்கத்திலேயே செத்துப்போயிருப்பாள்.

ரமணியின் கதைகள் ஞாயிறு பத்திரிகையில் அவ்வப்போது வரும். மறுநாள் பாசாரில் காய் வாங்கும்போது பார்க்கிறவர்கள், “பேப்பர்ல உன் போட்டோ பாத்தேன், நல்லா இருக்கு, எங்க ஃபேஷியல் பண்ண?” என்று கேட்பார்கள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. உள்ளதைச் சொன்னால் குற்றம் படிக்கிறவர்கள் மேல் மட்டும் இல்லை. ரமணியின் கதை ஒவ்வொன்றிலும் முதல் அரைப் பக்கத்துக்கு மழை பெய்யும். கிள்ளானில் மழை பெய்தால் ரோட்டில் வெள்ளம் வரும். அவள் கதையில் மழை பெய்தால் யாருக்காவது பழைய ஞாபகம் வரும். ஆள் நடமாட்டம் ஆரம்பிப்பதற்குள் படிக்கிறவர் ராசிபலனுக்குப் போயிருப்பார்.

அவளை அந்த மழையிலிருந்து இழுத்து வெளியே போட்டது பக்கத்து வரிசையில் இருந்த வாணி. வாணிக்குக் கேட்டரிங் தொழில். நிச்சயதார்த்தம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், எதுவானாலும் அவள் அண்டாதான். ஒரு நாள் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்த விருந்து. ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பாடு வரவில்லை. லோரி ஃபெடரல் ஹைவேயில் ஜாமில் மாட்டிக்கொண்டது. பசியோடு உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பத்து நிமிடம் போனால் பழைய சண்டையை ஆரம்பித்துவிடுவார்கள். சிரப் தண்ணீர் ஊற்ற உதவிக்கு வந்திருந்த ரமணியின் கையில் வாணி மைக்கைத் திணித்தாள்.

“கதை எழுதறல்ல. எதையாச்சும் சொல்லு டி, லோரி வரட்டும்.”

ரமணிக்குப் பெண்ணின் அப்பாவைக் கொஞ்சம் தெரியும். அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். கூட்டம் அடங்கியது. ஒருத்தர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பின்னால் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். ரமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெண்ணின் அப்பா சிறுவயதில் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போன இடத்துக்கு வந்தபோது வாசலில் லோரி வந்து நின்றது. மொத்த மண்டபமும் எழுந்து போய்விட்டது. அந்தப் பையன் இன்னும் ஆற்றுக்கு நடுவில்தான் நிற்கிறான்.

ஆனாலும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வந்த இரண்டு குடும்பங்கள், “எங்க வீட்டு விசேஷத்துக்கும் வருவீங்களா?” என்று கேட்டார்கள். வாணி அந்த இடத்திலேயே தொழிலை ஆரம்பித்துவிட்டாள். சோறு அவள் பொறுப்பு, கதை ரமணி பொறுப்பு, ஸ்பீக்கர் தூக்குவது சிவநேசன் பொறுப்பு. ‘கதைப் பந்தி’ என்று பெயர் வைத்துக் கார்டும் அடித்துவிட்டார்கள். சிவநேசன் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, கிரேனில் போடும் காதடைப்பானை மாட்டிக்கொண்டு தூங்குவார்.

ரமணிக்கு சீக்கிரமே சூட்சுமம் பிடிபட்டது. எந்த வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவைப் பற்றிக் கேட்டாலும், “ரொம்ப கஷ்டப்பட்டாரு, எங்களுக்காகவே வாழ்ந்தாரு” என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது. அதனால் ஒரே கதையை எழுதி வைத்துக்கொண்டாள். அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறப்பார். மாடு மேய்ப்பார். பட்டணம் வருவார். தான் பட்டினி கிடந்து பிள்ளைகளுக்கு ஊட்டுவார். பெரியவர் பெயரை மைக்கில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று கதை முழுக்க ‘அப்பா’தான். மாற்ற வேண்டிய ஒரு பெயரும் இல்லை. பட்டினி வரும் இடத்தில் எல்லாரும் அழுவார்கள்.

வினை ஒரு முகூர்த்த நாளில் வந்தது. கிள்ளானில் மாடி மேல் மாடியாக மண்டபம் உள்ள ஒரு கட்டடம். அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. ரமணிக்கு முட்டி வலி. மூச்சு வாங்க ஏறியவள், வாழைமரம் கட்டியிருந்த முதல் வாசலிலேயே உள்ளே போனாள். ஸ்பீக்கரோடு சிவநேசனும் பின்னாலேயே போனார். மேடையில் மாலையும் கழுத்துமாக அறுபது வயது மாப்பிள்ளையும் அவர் மனைவியும். எல்லாம் சரியாக இருந்தது. அறிவிப்பாளர் பையனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. யார் கேட்டாலும் மைக்கைக் கொடுக்கத் தயாராக இருந்தான்.

சொன்னாள். பட்டினியில் எல்லாரும் அழுதார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் போன் அடித்தது.

“எங்க டி இருக்க?” வாணிதான். “இங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க.”

“நான் சொல்லி முடிச்சிட்டேனே.”

“யாருக்கு?”

வாணி இரண்டாவது மாடியில் இருந்தாள். அங்கேயும் வாழைமரம், அங்கேயும் அறுபதாம் கல்யாணம். கீழ் மண்டபத்தில் ஏன் ஒருத்தரும் தடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இந்த அக்கா மருமகன் செய்த ஏற்பாடு என்று மகன் நினைத்திருக்கிறான். மகன் செய்த ஏற்பாடு என்று மருமகன் நினைத்திருக்கிறான். சபையில் கேட்டால் மற்றவர் கோபித்துக்கொள்வாரே என்று இருவரும் கைதட்டிவிட்டார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனவளை மாப்பிள்ளையே வந்து நிறுத்தினார். பழனியப்பன் என்று பெயர் சொன்னார். மாலையைக்கூடக் கழற்றவில்லை.

“நல்லாத்தான் சொன்ன தங்கச்சி. ஆனா நான் எஸ்டேட்ல பொறக்கல. செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸ். மாட்டைப் பாத்தாலே எனக்கு பயம். பட்டினியா?” வயிற்றைத் தட்டிக் காட்டினார். “இதைப் பாத்துமா உனக்கு டவுட் வரல?”

ரமணிக்கு முகம் சுட்டது. “அப்புறம் ஏண்ணே சும்மா இருந்தீங்க?”

“என் பொண்டாட்டி அழுதுட்டு இருந்தா. எனக்காக அவ அழுது நான் பாத்ததே இல்ல. நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்.”

மேலே போய் அதே கதையைச் சொன்னாள். வேறு கதை கையில் இல்லை. அதே இடத்தில் அழுதார்கள். திரும்பும் வழியில் சிவநேசன் வண்டி ஓட்டினார். காதடைப்பானை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

“இன்னிக்குத்தான் உன் கதைய முழுசா கேட்டேன்,” என்றார். “ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் அது யாருன்னு எனக்குத் தெரியல.”

இத்தனை வருடம் கேட்க ஆசைப்பட்ட ‘முழுசா’ என்ற வார்த்தை இப்படித்தானா வந்து சேர வேண்டும்? ரமணி வீடு போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் வாணியிடம் புது ஏற்பாடு சொன்னாள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசாமல் இனி ஒரு கதையும் சொல்ல மாட்டாள். அந்த வீட்டில் வெளியே சொல்லாத ஒன்று வேண்டும். அதைச் சொல்ல அந்த ஆளின் சம்மதமும் வேண்டும். எவன் வீட்டுக் குப்பையை எவன் மைக்கில் கொட்டச் சொல்வான் என்று வாணி திட்டினாள். ரமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் செந்தூலுக்கு ரயில் ஏறினாள்.

பழனியப்பன் வீட்டில் அவர் மனைவி தாமரை தேத்தண்ணியோடு கல்யாண ஆல்பத்தையும் கொண்டுவந்து வைத்தார். புரட்டப் புரட்ட ரமணிக்கு ஒன்று உறுத்தியது. பகலில் கோயிலில் எடுத்த படங்கள் சரியாக இருந்தன. இரவு டின்னர் படம் ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளை இடுப்புக்கு மேல்தான் இருந்தார். ஒன்றில்கூடக் கால் இல்லை. போட்டோக்காரன் சரியில்லை என்றுதான் மகன் முகுந்தன் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தான்.

“கால் எங்கண்ணே?”

பழனியப்பன் மனைவியைப் பார்த்தார். தாமரை தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். அப்புறம்தான் வந்தது கதை. கேட்டு முடித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைச் சொல்லலாமா என்று ரமணி கேட்டாள்.

“சொல்லு,” என்றார் தாமரை. “நான் அன்னிக்கு அவரைக் கேட்டத அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை மாத்தக்கூடாது.”

அந்தத் தீபாவளிக்கு அவர்கள் ஃபிளாட்டின் கீழ்க்கூடத்தில், வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் திறந்த இல்ல விருந்து. வாணியின் பிரியாணி. ரமணி மைக்கைப் பிடித்தாள். ஒத்திகை பார்த்த அழுகை எதுவும் இந்தக் கதையில் இல்லை. எழுந்து போய்விட்டால் போய்விட்டார்கள்தான்.

கல்யாண டின்னரில் மாப்பிள்ளையைக் காணோம் என்று ஆரம்பித்தாள். மாப்பிள்ளை செந்தூல் பக்கத்து ஒரு சின்னக் கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர். அன்றைக்கு இறுதி ஆட்டம். சாயங்காலமே முடிந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. ரமணியின் கதையில் மழைக்கு முதல் முறையாக ஒரு வேலை இருந்தது. மாப்பிள்ளை கோட்டுசூட்டோடு சமையல்காரர்களுக்கு நடுவே பின்வாசல் வழியாக நழுவினார். இங்கே பெண்வீட்டார் கழிவறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில் வாணி அண்டாவைத் திறந்தாள். வாசம் கூடம் முழுக்கப் பரவியது. ரமணி பழக்கத்தில் நிறுத்திவிட்டாள். நாற்காலிச் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

ஒரு நாற்காலியும் நகரவில்லை.

“பிரியாணி ஆறுது லா,” என்றாள் வாணி, கரண்டியோடு.

முன்வரிசையிலிருந்து தாமரை திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். “ஆறட்டும்.”

ரமணி மிச்சத்தையும் சொன்னாள். கேக் வெட்டும் நேரத்துக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார். மேலே கோட்டும் டையும், கீழே அரைக்கால் சட்டையும் சேறும். மாற்றிக்கொள்ள வேண்டிய பேண்ட் மைதானத்தில் கிடந்தது. புதுப்பெண் அவரை மேலும் கீழும் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: “ஜெயிச்சீங்களா? தோத்திருந்தா நீங்களே தனியா வெட்டிக்குங்க.”

ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. மாப்பிள்ளை தனியாகக் கேக் வெட்டுகிறார்.

கூடம் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முகுந்தன் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். தாமரைக்குக் கண்ணில் தண்ணீர். இந்தத் தடவை பழனியப்பனுக்காகவேதான்.

மறுநாள் காலை தோசைக் கல்லின் முன்னால் ரமணி வழக்கம்போல வாயைத் திறந்தாள். சிவநேசன் முந்திக்கொண்டார்.

“வெட்டின கேக்க யார் சாப்பிட்டது?”

அது ரமணிக்கே தெரியவில்லை. தோசையை அப்படியே விட்டுவிட்டுச் செந்தூலுக்குப் போன் போட்டாள். தோசை கருகிவிட்டது. சிவநேசன் கருகியதையே சாப்பிட்டார்.

இப்போது ‘கதைப் பந்தி’ விசேஷ வீடுகளுக்குப் போவதோடு நிற்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில், மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் ரமணி கதை சொல்கிறாள். மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கார் கொண்டுபோனால் பார்க்கிங் கிடைக்காது, அப்புறம் அவளைத் திட்டக்கூடாது. கதை முடிந்த பிறகுதான் இலை போடுவார்கள், அதனால் வீட்டில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. ஸ்பீக்கர் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் சிவநேசன். கரண்டியோடு முறைப்பவள் வாணி.

ஒரு தடவை போய்ப் பாருங்கள். கடைசி வரைக்கும் உட்காருங்கள். உங்கள் வீட்டில் மூடி வைத்திருக்கிற கதை ஏதாவது இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து பட்டினி கிடந்த அப்பா மட்டும் வேண்டாம். அவர் ரமணியிடம் ஏற்கெனவே இருக்கிறார்.