ஒன்பதாவது பாட்டு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் கடை வைத்திருக்கும் பாய், தொண்ணூறுகளில் அதே கடையில் கேசட் பதிந்து கொடுத்தவர். நரைத்த குறுந்தாடி. எதைக் கையில் வாங்கினாலும் முதலில் “ப்பூ” என்று ஊதுவார்.

அன்று அவர் பதிந்து தந்த ஒரு பாப் ஆல்பத்தைப் போன வாரம் போனில் தேடிக் கேட்டேன். எட்டுப் பாட்டுதான் இருந்தது. என் கேசட்டில் ஒன்பது. யாருடைய பாட்டையோ நுழைத்து முப்பது வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறார். நேரே கடைக்குப் போனேன்.

“பாய், அந்தக் கடைசிப் பாட்டு யாரோடது?”

“கம்பெனிக்காரன் ஒண்ணு கம்மி பண்ணியிருப்பான்ங்க.”

“டேப்பு மிச்சம் இருந்தா நீங்களே எதையாவது ரொப்புவீங்கல்ல?”

“எனக்கு இன்னாங்க ஞாபகம் இருக்கும்?”

பார்வையைத் திருப்பிக்கொண்டார். எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தது. நான் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்:

“அந்தப் பாட்டு நல்லா இருந்துச்சுங்களா?”

“எனக்கு அதுதான் ரொம்பப் புடிக்கும்.”

என் போனை வாங்கினார். ஊதினார். துடைத்துக் கொடுத்தார்.

கேசட்டில் அந்தப் பாட்டு தொடங்கும் முன் ஒரு “ப்பூ” கேட்கும். டேப்பின் கோளாறு என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.