ஹாரனுக்குப் பதில் வராத வளைவு

சித்தையன் அண்ணனின் காதுக்குள் எவ்வளவு சத்தம் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறவள் நான். மேடையில் அவர் குச்சியால் தட்டும் ரிதம் பேடுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். நான் ஓரத்தில் லேப்டாப்போடு இருப்பேன். பாட்டின் வேகம் தப்பாமல் இருக்க ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் அவருடைய இயர்போனுக்கு மட்டும் போகும். கிளிக் என்போம். முன்னால் ஆடுகிற கூட்டத்துக்கும் அது கேட்காது, பாடுகிற ஹம்ஸாவுக்கும் கேட்காது. ஒவ்வொரு புரோகிராமிலும் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அண்ணன் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலை மேலே தூக்குவார்.

“இன்னும் கொஞ்சம் ஏத்து அம்மிணி.”

ஏற்றுவேன். கேட்டதைச் செய்வதுதான் வேலை என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு மழை நாளில், லேப்டாப்பில் இடம் போதாமல் பழைய கோப்புகளை அழிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஊரின் அளவுகளையும் அந்தந்த ஊர்ப் பெயரிலேயே சேமித்து வைப்பது என் பழக்கம். தை மாதம் நஞ்சன்கூடு: அண்ணனின் கிளிக் ஐம்பத்திரண்டு. குண்டலுபேட்டை: ஐம்பத்தெட்டு. மேல்கோட்டை: அறுபத்தேழு. இடையில் பதினெட்டு ஊர்கள். கடைசியாக டி. நரசிபுரம்: தொண்ணூற்றொன்று. நூற்றுக்கு மேல் அந்தக் கருவியில் இடமில்லை. ஒரு ஊரில்கூட எண் இறங்கவில்லை. வலது காது இயர்போனை எடுத்துவிட்டு இடது பக்கம் மட்டும் கொடு என்று அவர் சொன்னது எந்த ஊரில் என்பதும் கோப்பில் இருந்தது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். ஹனூருக்குப் பக்கத்தில் மக்காச்சோளம் போடுகிற அப்பா, மகள் மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருவதாக நான்கு பேரிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஹெப்பாளில் மூன்று முறை நேர்காணலுக்குப் போனேன், அவ்வளவுதான். படித்த படிப்புக்கு இந்த எண்களின் அர்த்தம் முதல் மாதமே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லையா, புரிந்துகொள்ளாமல் இருப்பது வசதியாக இருந்ததா என்று அன்று முழுக்க யோசித்தேன். இன்றும் பதில் தெரியாது.

சித்தையன் அண்ணனும் ஹனூர்ப் பக்கம்தான். பதினாறு வயதில் மைசூருக்கு வந்து ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் ஸ்பீக்கர் பெட்டி தூக்கினார். மூன்று வருடம் டிரம்ஸ்காரரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்திருக்கிறார். ஒரு நாள் டிரம்ஸ்காரருக்கு மஞ்சள் காமாலை. மேடையில் ஆள் இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தவர்தான். “அன்னிக்கு வெச்ச பொட்டி, இன்னும் திருப்பித் தூக்கல” என்று சொல்லிச் சிரிப்பார். அது பொய். எங்கள் குழுவில் இன்றும் பாதிப் பெட்டிகளை அவர்தான் தூக்குகிறார். இருபத்தைந்து வருடமாக அவருடைய இடம் மேடையின் இடது கோடி. பெரிய பேஸ் பெட்டி அவருடைய வலது காதிலிருந்து இரண்டு முழம் தள்ளி இருக்கும்.

அவர்தான் வேனையும் ஓட்டுவார். குழு வினயுடையது. கீபோர்டும் அவன்தான். மலைப் பாதை என்றால் சித்தையன் அண்ணனைத் தவிர யாரிடமும் சாவியைக் கொடுக்க மாட்டான். கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்கு ஒரு முறை உண்டு. வளைவுக்கு முன்னால் வேனை நிறுத்துவார். எல்லோரும் வாயை மூட வேண்டும். கண்ணாடியை இறக்கி இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருப்பார்.

“மேல இருந்து வர்றவன் பதில் சொல்லோணும். சொல்லலீன்னா அங்க ஆளில்லைன்னு அர்த்தம். நாம போலாம்.”

அப்படித்தான் எத்தனையோ வருடமாக எங்களை ஏற்றி இறக்கியிருக்கிறார். எண்களைப் பார்த்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பேடு இல்லை, அந்த வளைவுகள். காது கேட்காத மனிதருக்கு எல்லா வளைவுகளிலும் பதில் வராது. எல்லா வளைவுகளும் காலியாகத்தான் இருக்கும்.

அடுத்த புரோகிராம் மாதேஸ்வரன் மலையில்.

அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி கௌரம்மா ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் எண்களைச் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“குக்கர் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்தாரு. ஏழு விசிலு அடிச்சிருக்கு. பருப்பு கருகி மேல்வீட்டுக்காரி ஓடி வர்றா, இவரு உரிச்சுக்கிட்டே இருக்காரு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

“டாக்டர்கிட்டப் போனீங்களா அக்கா?”

“பங்குனியிலயே போனோம். வலது சுத்தமாப் போயிருச்சாம். இடதும் போயிட்டிருக்குதாம். சத்தத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தாரு. அந்தச் சீட்டு எங்க இருக்குது தெரியுமா? பேடு பையில. தெனமும் அதுமேலதான் குச்சிய வெக்கறாரு.”

அண்ணன் உள்ளே வந்தார். நாங்கள் பேச்சை நிறுத்தியதைப் பார்த்தே புரிந்துகொண்டார். இடது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். நான் எண்களை எழுதிய தாளை நீட்டினேன். மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தார்.

“ஊர் பேரெல்லாம் சரியா எழுதியிருக்கற” என்றார்.

“அண்ணா, வினய் அண்ணாகிட்டச் சொல்லணும்.”

“சொன்னா பேடுல வேற ஆளு. வேன்ல வேற ஆளு. எனக்கு வேற என்ன தெரியும் அம்மிணி?” தாளை நான்காக மடித்தார். “மலை புரோகிராம் முடியட்டும். அது நம்ம ஊர்ச் சனம் வர்ற எடம். நானே சொல்லிப்போடறேன்.”

“வளைவுல ஹாரன் கேக்குமா?”

மடித்த தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, “நீ முன்னாடி உக்காரு” என்றார்.

நான் சரி என்றேன். அந்த ஒரு சொல்லை இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஏழு பேர் போகிற வேன் அது.

தாளுபெட்டத்தில் மலை தொடங்குகிறது. காலை ஒன்பது மணிக்கும் பனி விலகவில்லை. வாந்தி வருகிறது என்று சொல்லி வினயைப் பின்னால் அனுப்பிவிட்டு நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வினய் சலித்துக்கொண்டான். “இன்ஜினியர் மேடத்துக்கு வயிறு டிரபிளாம், வழி விடுங்கப்பா.” முதல் வளைவில் அண்ணன் நிறுத்தினார், ஹாரன் அடித்தார், காத்திருந்தார். மேலே எங்கோ லாரியின் ஹாரன். நான் அவருடைய இடது முழங்கையில் ஒரு தட்டு தட்டினேன். அவர் நேராகப் பார்த்தபடியே இருந்தார். லாரி கடந்து போனது. அடுத்த வளைவில் பதில் வரவில்லை. நான் தட்டவில்லை. வேன் நகர்ந்தது. நான்கைந்து வளைவுகளில் கை பழகிவிட்டது. மேடையில் கிளிக் போலத்தான். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வளைவில் ஹம்ஸா வாயை மூடவில்லை. இயர்போன் மாட்டிக்கொண்டு மதியம் பாட வேண்டிய பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேன் நின்றதே தெரியாது. சரியாக அந்த நேரத்தில் சரணத்தின் உச்சத்துக்குப் போனாள். நல்ல குரல். அதற்குள் வேறு ஏதோ ஒன்று கேட்பது போல எனக்கு இருந்தது. என்னவென்று நான் காதைத் தீட்டுவதற்குள் அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். தட்டு வரவில்லையே. பனிக்குள்ளிருந்து பஸ்ஸின் முகப்பு விளக்குகள் வந்தன. நான் தட்டவில்லை, அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துவிட்டேன்.

பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி.

பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்தினார். “ஏனய்யா, மூரு சல ஹாரன் ஹொடிதெ! கேளிஸல்லவா? கிவுடா நீனு?” மூன்று முறை அடித்தேனே, செவிடா நீ என்று கேட்டார். ஆத்திரத்தில் எவரும் எவரையும் கேட்கிற கேள்விதான்.

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ன சொல்றாரு?”

ஹம்ஸா இயர்போனைக் கழற்றினாள்.

“அவருக்குக் காது கேக்கல” என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. “பங்குனியிலேருந்து.”

பஸ் பின்வாங்கி வழி விட்டது. வினய் கீழே இறங்கிப் பாதையோரம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கணக்குப் போடுகிற முகம்தான் இருந்தது. இரண்டு மணிக்கு மேடை. வேறு யாருக்கும் இந்தப் பாதையில் ஓட்டத் தெரியாது.

“மேல போய்ப் பேசிக்கலாம். எல்லாரும் ஜன்னலைத் திறங்க. ஹாரன் கேட்டா கத்துங்க.”

“அய்யோ, பேடா, வேண்டாம் வினய்” என்றாள் ஹம்ஸா. “நடந்தே ஹோகலாம்.”

“பெட்டியெல்லாம் நீ தூக்கறியா?”

ஒருவரும் இறங்கவில்லை. நானும்தான். மீதி வளைவுகளில் ஆறு பேர் ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு போனோம். குரங்கு கத்தினால்கூட “ஹாரன்! ஹாரன்!” என்றார்கள். இரண்டு வளைவுக்குப் பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கிட்டார்காரர் அண்ணனின் தோளில் தவில் வாசித்தார். அண்ணனும் சிரித்தார். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் ஆபத்து குறைந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரிந்த பிறகு அந்த ஆபத்தோடு போவது சுலபமாகத்தான் ஆனது.

மதியம் கூட்டம் நன்றாக இருந்தது. ஹனூர், கொள்ளேகால், தமிழ்நாட்டுப் பக்தர்கள் எல்லாம் ஆடினார்கள். இரண்டாவது பாட்டில் அண்ணன் கட்டை விரலைத் தூக்கினார். திரையில் தொண்ணூற்றொன்று. நான் ஏற்றவில்லை. மறுபடி தூக்கினார். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, வினயின் தோள் அசைவைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். கடைசிப் பாட்டு வரை ஒரு அடிகூடத் தப்பவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தப்பியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஐந்து மணிக்குப் பெட்டிகளை ஏற்றினோம்.

“நான் வரல” என்றேன் வினயிடம். “வேற டிரைவரைக் கூப்பிடுங்க.”

“கொள்ளேகால்ல இருந்து ஆள் வர்றதுக்குள்ள இருட்டிடும். ஏறி வர்றப்ப மட்டும் வரலியா? நீ வரலைன்னா அவருக்கு யாரு தட்டறது?”

“யாரும் தட்டக் கூடாது.”

“சரி, நான் தட்டறேன். தட்டறதுக்கு இன்ஜினியரிங் படிக்கணுமா?”

அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். ஹம்ஸா நான்கு அடி என்னோடு வந்தாள், பிறகு வேனைப் பார்த்தாள், திரும்பிவிட்டாள். செய்தது சரி என்று தோன்றவில்லை. அவர் காதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றுதான் தோன்றியது.

கொள்ளேகால் பஸ் வேனுக்குக் கொஞ்சம் பின்னால் கிளம்பியது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கீழே வளைவுகளில் எங்கள் வேனின் ஹாரன் கேட்டது. இரண்டு முறை, இடைவெளி. மறுபடி இரண்டு முறை. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு வளைவில் அது கேட்கவில்லை. அடுத்ததிலும் கேட்கவில்லை. எழுந்து நின்றேன். கண்டக்டர் கன்னடத்தில் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

பஸ் திரும்பியபோது வேன் வளைவின் அகலமான ஓரத்தில் நின்றிருந்தது. முன் சக்கரத்துக்கு யாரோ கல் வைத்திருந்தார்கள். எல்லோரும் கீழே இருந்தார்கள். வினய் கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தினான். சித்தையன் அண்ணன் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். சாவி கையில் இருந்தது.

நான் இறங்கி அவருடைய இடது பக்கம் போனேன்.

“ரெண்டு வளைவுக்கு முன்னாடி தட்டு வரல” என்றார், நான் கேட்காமலே. “ஆளில்லைன்னு எடுத்துட்டேன். திரும்பினதுக்கப்பறம் பாக்கறேன், ஓனர் போன்ல பேசிட்டிருக்கறாரு. அடுத்த புரோகிராமாம்.”

“ஏதாவது வந்துச்சா அண்ணா?”

“ஒண்ணும் வரல அம்மிணி. வந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது.” சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். “இதை ஓனர்கிட்டக் குடுத்துரு. என் கையில இருந்தா நான் மறுபடி வண்டிய எடுத்துருவேன்.”

கொள்ளேகாலில் கெம்பையன் என்று ஒரு டிரைவர் இருக்கிறார், வரச் சொல்லியாகிவிட்டது என்றார்கள். என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு வினய் வேனிலேயே காத்திருந்தான், மற்றவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். அண்ணனும் ஏறவில்லை. பெட்டிகளை விட்டு வர மாட்டேன் என்றார். நானும் இருக்கிறேன் என்றதற்கு, “போ அம்மிணி, கௌரம்மாகிட்ட நீதான் சொல்லோணும்” என்றார். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வேனுக்கு முதுகைக் காட்டி, மேலேயிருந்து வண்டி ஏதும் வருகிறதா என்று பாதையையே பார்த்து நின்றிருந்தார்.

அடுத்த வளைவில் பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்து இரண்டு முறை ஹாரன் அடித்தார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டேன். கீழிருந்து பதில் வரவில்லை. பஸ் நகர்ந்தது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.