இடது லைட்டும் வெள்ளிக்கிழமைப் பழமும்

சுரேன் அண்ணன் சிங்கப்பூருக்கு பஸ் ஏறியது, தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள். நான் அப்போது பதினாறு வயதில், பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். கிளம்புமுன் அவர் தன் பழைய வேனுக்கு முன்னால் குந்தினார். முகப்புக் கிரில்லில் ஒரு கம்பி ஒடிந்திருந்த சந்து வழியாகக் கையை விட்டு, இடது லைட்டுக்குப் பின்னாலிருந்த ஒரு போல்ட்டில், எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிற்றைக் கட்டினார். வெளியே கட்டினால் எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் பிய்த்துவிடுவார்கள்.

"வெள்ளிக்கெழம தவறாம மாத்திடு லதா. வண்டிக்கு ஒன்னும் ஆவாது."

அவர் மனைவி புஷ்பலதா அக்கா தலையாட்டினார். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். லகாட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை மூடியபோது எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே லாரியில்தான் இந்தத் தாமானுக்கு வந்தது.

இரண்டு தீபாவளிக்கு சுரேன் அண்ணன் வந்தார். மூன்றாவது தீபாவளிக்கு போன் மட்டும் வந்தது. பிறகு அந்த நம்பரும் இல்லாமல் போனது. அக்கா யாரிடமும் இதைப் பற்றிப் பேசியதில்லை. கையுறை ஃபேக்டரி வேலையை விட்டார். இரண்டு முறை ஃபெயிலாகி மூன்றாவது முறை வேன் லைசென்ஸ் எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார்.

நாலு வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, தூக்கம் நேரம் தவறிக் கிடந்தது. விடிகாலை ஐந்தரைக்கே முழித்துக்கொள்வேன். சும்மா படுத்திருக்க முடியாமல் அக்காவோடு முன் சீட்டில் ஏறிப் போகத் தொடங்கினேன். பதினான்கு பிள்ளைகள். யார் காலுறை மறப்பவன், யார் வாந்தி எடுப்பவள் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த வீட்டு முன்னாலும் ஹார்ன் அடிக்கமாட்டார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவர்கள் முழித்துக்கொள்வார்களாம். ஹெட்லைட்டை இரண்டு தடவை போட்டு அணைப்பார். ஜன்னல் திரையில் வெளிச்சம் பட்டதும் பிள்ளை பையோடு ஓடிவரும்.

அந்த லைட்டில்தான் கோளாறு. இடது பக்கம் மங்கிப்போய், மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளாய் எரிந்தது. வியாழக்கிழமை வண்டிச் சோதனை. அதில் தேறாவிட்டால் பெர்மிட் புதுப்பிக்க முடியாது. புது வேன் வைத்திருக்கும் ஓர் ஆள் ஏற்கெனவே நாலு வீட்டில் போய்ப் பேசியிருந்தார். ஒரு வாரம் வண்டி நின்றால் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும்.

எல்.இ.டி. போடலாம் என்று சொன்னது நான்தான். ஆன்லைனில் வரவழைத்து, நாங்களே இரண்டு பக்கமும் மாட்டினோம். வலது பக்கம் பளிச்சென்று எரிந்தது. இடது பக்கம் துடித்தது. இடது சிக்னல் போட்டால் ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்து கண்ணடித்தது.

"பாருடி துளசி, இந்த வயசுல என் வண்டி ரோட்டுல போறவனுக்கெல்லாம் கண்ணடிக்குது" என்றார் அக்கா. சிரித்தார். ஆனால் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

புதன்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு புந்தோங்குக்குப் போனோம். அங்கே வயரிங் கடை வைத்திருக்கும் கார்த்திகேசு அண்ணன், சுரேன் அண்ணனோடு தோட்டத்தில் பந்து விளையாடியவர்.

"யாரு மாட்டுனா இத?"

"நாங்கதாண்ணே."

"அதான். நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க, எதிர்ல வர்றவன் கண்ணு போயிரும்." பல்புகளைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். வலது பல்பு இடதுக்கு வந்ததும் அதுவும் துடித்தது. "பல்பு மேல குத்தம் இல்ல. வண்டியிலதான்."

பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து வந்து, லைட்டுக்குப் பின்னால் எர்த் ஒயரில் தொட்டார். துடிப்பு உடனே நின்றது. எடுத்தார், துடித்தது. தொட்டார், நின்றது.

"எர்த் போச்சு. கரண்டு வருது, திரும்பிப் போக வழி இல்ல. அதான் சிக்னல் லைட்டு வழியா சுத்திப் போவுது."

கிரில்லைக் கழற்றினார். உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு, "லதா, இங்க வா" என்றார்.

போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாய்ப் பொருக்கு. எர்த் ஒயரின் நுனி அரித்து இரண்டு இழை மட்டும் மிச்சம். அதன் மேல் போன வெள்ளிக்கிழமைப் பழம், நசுங்கி, சாறு வடிந்து தொங்கியது. பதினொரு வருஷமாக அக்கா அந்தச் சந்தில் கையை விட்டு, பார்க்காமலே, விரலால் தடவிக் கட்டிய இடம். ஒரு வெள்ளிக்கிழமை தப்பியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோது என் அம்மாவை அனுப்பிக் கட்டச் சொன்னார்.

"இவ்ளோ போல்ட்டு இருக்கு வண்டியில. இதுலயா கட்டுவ?" என்றார் அண்ணன்.

"அவரு கட்டுன எடம்ணே."

கார்த்திகேசு அண்ணன் துணியை எடுத்து, துடைத்த கையையே மறுபடி துடைத்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அக்காதான் முதலில் பேசினார். "அறுத்துருங்க."

"எதம்மா?"

"கயித்த. நாளைக்கு வண்டி பாஸாவணும்லா."

அண்ணன் அறுத்தார். போல்ட்டைக் கழற்றித் தகரம் வெள்ளையாகும்வரை தேய்த்தார், புது நுனி போட்டார், மேலே கிரீஸ் பூசினார். பிறகு என் எல்.இ.டி. இரண்டையும் எடுத்து என் கையில் வைத்தார். "இது இந்த லைட்டுக் கூட்டுக்கு ஒத்து வராது. வெளிச்சம் மேல சிதறுது, சோதனையில தள்ளிருவான். பழைய பல்ப குடு."

பழைய ஹாலஜன் பல்புகளை அக்கா வேனிலேயே ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். மாட்டியதும் இடது லைட்டும் வலது லைட்டும் ஒன்றுபோல் எரிந்தன. பல்பு கெட்டிருக்கவே இல்லை. எர்த்தைத் தேய்த்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

மறுநாள் வண்டி தேறியது. வெள்ளிக்கிழமை காலை, அக்கா புதுப் பழமும் மிளகாயும் கோத்துக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைசியில் பின்னால் இழுவைக் கொக்கியில் கட்டினார். "பிள்ளைங்க பிய்ச்சா பிய்க்கட்டும்" என்றார்.

அடுத்த மாதம் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். பத்து மாதம் கழித்து, நான் தங்கியிருந்த ஊரில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. அவருடைய போன் திரை. தெரியாத சிங்கப்பூர் நம்பரிலிருந்து ஒரு வரி: "லதா, வண்டி இன்னும் ஓடுதா?"

அதற்குக் கீழே அக்காவின் பதிலும் இருந்தது.

"ஓடுது. லைட்டு நல்லா எரியுது. பழத்த வேற எடத்துல கட்டுறேன்."