அரபி பேசிய பொம்மைக் கம்ப்யூட்டர்

என் கணவர் சவுதிக்குப் போகும்போது எங்கள் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். மூன்று வயதில் அவளுக்கு அப்பா என்றால் போனில் கேட்கும் இரைச்சல்தான். ரிசீவரைக் காதில் வைத்தால் தள்ளிவிட்டு ஓடிவிடுவாள். "லீவுக்கு வரும்போ பிள்ளை எங்கிட்ட வருவாளாட்டி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். வராமல் எங்கே போவாள் என்று தைரியமாகச் சொல்லிவிடுவேன்.

அந்தக் கவலையில்தான், ஊருக்கு வந்த ஒருவரிடம் பொம்மைக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பெட்டியின்மேல் இங்கிலீஷ் எழுத்து. எல்.கே.ஜி.க்கு உதவும் என்று நினைத்து வாங்கியிருக்கிறார். பேட்டரி போட்டு அமுக்கினால், உள்ளிருந்து ஓர் ஆண்குரல் அரபியில் பேசியது.

என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "மைனி, பிள்ளைய குழித்துறையில சேக்கியளா, ரியாத்துல சேக்கியளா?" பரணில் தூக்கிப் போடச் சொன்னாள். நான் போடவில்லை. ஒரே எண்ணை மகளுக்கு மூன்றாவது தடவை சொல்லிக்கொடுக்கும்போதே எனக்குக் கோபம் வந்துவிடும். அது எத்தனை தடவை கேட்டாலும் அதே குரலில் சொன்னது. தப்பான பொத்தானை அமுக்கினால் 'ட்ர்ர்' என்று கத்தும். அந்தச் சத்தத்துக்காகவே மகள் தப்பாக அமுக்கிச் சிரிப்பாள், பிறகு சரியானதை அமுக்குவாள். தப்புக்குப் பயப்படாத பிள்ளை எதையும் படித்துக்கொள்ளும். வாஹித், இத்னேன், தலாத்தா என்று படிகளை எண்ணி இறங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று புரிந்தால் போதாதா, எந்த பாஷையாக இருந்தால் என்ன என்று நாத்தனாரிடம் அடித்துச் சொன்னேன். பள்ளிக்கூடம் போனதும் ஒன், டூ தானாக வந்தது.

அவர் லீவில் வந்தார். போனில் நான் தைரியமாகச் சொன்னது பலிக்கவில்லை. மகள் என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். சாக்லேட் காட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினாள். மறுநாளும் அப்படித்தான். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட வந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அவள் மூலையில் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். "தலாத்தா" என்றது அது. அவளும் சொன்னாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர், பழக்கத்தில், "அர்பா, கம்சா" என்று மேலே எண்ணினார்.

திரும்பிப் பார்த்தாள். பொம்மையைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீயா இதுக்குள்ள இருந்து பேசுனது?"

"ஆமா மக்கா, நாந்தான்."

"அப்பம் ஏன் இத்தன நாளா வெளிய வரல்ல?"

அவர் படியிலேயே உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.