பஸ்சைப் பிடித்து ரோட்டில் வைத்தவன்

அந்தப் பழைய சூப்பர் ஹீரோ கார்ட்டூனை இந்த வயதில் இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆளாளுக்கு இங்கே பாரு, பாரு என்று நச்சரித்தீர்களே, அதே தொடர்தான்.

காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தேன். போடியில் எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கீழே உட்கார்ந்து முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது எபிசோடில் மலைரோட்டு வளைவில் ஒரு பஸ் உருண்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் போடிமெட்டு வளைவில் கவிழ்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஏறியிருந்தவர்கள் அடிபட்டுப் பிழைத்தார்கள். மாமா பிழைக்கவில்லை.

ரிமோட்டை எடுத்தேன்.

"இருக்கட்டும்டா, வை" என்றாள் அக்கா.

அதற்குள் முதுகில் துணி பறக்க ஒருவன் பாய்ந்து வந்து, பஸ்சை அந்தரத்திலேயே பிடித்து, பூப்போல ரோட்டில் வைத்துவிட்டான்.

"அந்த டிரைவரு வளைவுல ஹாரனே அடிக்கலடா. ஒங்க மாமா அடிச்சுக்கிட்டேதான் போவாரு."

ரிமோட்டைக் கீழே வைக்கப் போனேன்.

"திருப்பிப் போடு."

போட்டேன். எல்லாரும் இறங்கி, கடைசியாக டிரைவர் இறங்குகிறவரை பார்த்தாள். கை முறத்திலேயே அப்படியே இருந்தது.

"இன்னொருக்கா போடுடா."

பாரு, பாரு என்றவர்களே, இந்த மாதிரி மலைரோடு வேறு எந்தெந்த எபிசோடில் வருகிறது என்று கமென்டில் சொல்லுங்கள். அந்தக் காட்சிகளைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதற்கு இல்லை. அக்கா கேட்கிறாள்.